பல் ஸ்கேன் எடுத்தீர்களா? பைலை வாங்கினீர்களா?

"கம்ப்யூட்டர் வாங்கிவிட்டேன். பாட்டுக் கேட்கிறேன், கடிதம் அடிக்கிறேன், இன்டர்நெட் பார்க்கிறேன். வேறு எதற்கு இது உதவும்?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இந்த மாதம் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லி அதற்குப் பதில் தருகிறேன். பல் வலியில் தொடங்கி ஹார்ட் டிஸ்க்கில் முடிந்த கதை இது. சிறிது கோபமும் கலந்திருக்கும். பொறுத்துக் கொள்ளுங்கள்.

என் வீட்டில் நடந்தது

நான் திருவொற்றியூர் தேரடி அருகே குடியிருப்பவன். என் தங்கை ராயபுரத்தில் இருக்கிறாள். வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. சென்ற ஆண்டு தங்கைக்கு வலது பக்கக் கீழ்த்தாடையில், கடைசியாக முளைக்கும் ஞானப்பல்லில் வலி வந்தது. பல் டாக்டர் ஓ.பி.ஜி. எனப்படும் முழுத்தாடை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். பல்லின் வேரும் தாடைக்குள் ஓடும் நரம்பும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. "வேர் நரம்பைத் தொடுகிறதா என்று இதில் சொல்ல முடியாது. முப்பரிமாண ஸ்கேன் எடுத்து வாருங்கள்" என்றார்.

அந்த நரம்புதான் கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருகிறது. பல்லைப் பிடுங்கும்போது அது நசுங்கினால் உதடு மரத்துப் போகலாம். சிலருக்கு அது நிரந்தரமாகவும் ஆகிவிடும். தினமும் நான்கு மணி நேரம் பேசிப் பிழைப்பவள் பயந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஒரு ஸ்கேன் சென்டரில் 3,000 ரூபாய் கட்டி எடுத்தோம். பளபளப்பான பெரிய தாள் ஒன்றும் ஒரு சிடியும் கொடுத்தார்கள். இன்னொரு கருத்தும் கேட்போம் என்று பாரிமுனைப் பக்கம் உள்ள வாய் அறுவை நிபுணர் ஒருவரிடம் போனோம். அவர் தாளைப் பார்த்தார். அதில் இருபது வெட்டுப் படங்கள் இருந்தன. அவருக்கு வேண்டிய இடம் இரண்டு படங்களுக்கு நடுவில் மாட்டிக் கொண்டிருந்தது. "பைல் இருக்கிறதா?" என்றார். சிடியை நீட்டினேன். அவருடைய லேப்டாப்பில் சிடி டிரைவ் கிடையாது. மறுநாள் என் வெளி டிரைவை எடுத்துக்கொண்டு போனேன். சிடியில் ஒரு வியூவர் புரோகிராம் இருந்தது. அது அந்த லேப்டாப்பில் இயங்க மறுத்தது. உள்ளே இருந்த பைலோ அந்த வியூவர் மட்டுமே படிக்கும் வடிவத்தில் இருந்தது. வேறு எந்த மென்பொருளும் அதைத் திறக்கவில்லை.

"டைகாம் பைலாக வாங்கி வாருங்கள்" என்றார் டாக்டர். சென்டருக்குப் போனால், "இடம் போதவில்லை சார், பழையதை எல்லாம் அழித்துவிட்டோம்" என்றார்கள். எடுத்து ஆறு வாரம்கூட ஆகவில்லை! வேறு இடத்தில் மறுபடியும் ஸ்கேன். மறுபடியும் 3,000 ரூபாய். அதைவிட முக்கியம், மறுபடியும் ஒரு முறை கதிர்வீச்சு.

இந்த முறை பணம் கட்டும் முன்பே கேட்டேன். பென் டிரைவில் டைகாம் பைல்களைப் போட்டுக் கொடுத்தார்கள். கூடுதலாக ஒரு பைசாகூட வாங்கவில்லை. டாக்டர் தன் லேப்டாப்பில் திறந்து, மௌஸ் சக்கரத்தை மெல்ல உருட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். நரம்பு வேரின் மேல் ஒரு பள்ளம் போட்டு ஒட்டிக்கொண்டு போனது. நடுவில் எலும்பே இல்லை. "முழுப் பல்லையும் எடுக்க வேண்டாம். மேல்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை விட்டுவிடுவோம்" என்றார். அப்படியே செய்தார். வேர் நகர்கிறதா என்று அவ்வப்போது சின்ன எக்ஸ்ரேயில் பார்த்துக்கொள்ள வேண்டும். உதட்டில் உணர்ச்சி போகவில்லை. டியூஷனும் நிற்கவில்லை.

இதிலிருந்து நான் எடுத்த முடிவு இதுதான்: ஸ்கேன் எடுத்தால் பைலை வாங்க வேண்டும். தாள் போதாது, மூடிய சிடியும் போதாது.

தட்டைப் படத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மாப்பிள்ளை இதை ஒரே வரியில் புரிந்துகொண்டார். "யார்டு வாசல்ல நின்னு பார்த்தா முன் வரிசை கன்டெய்னர்தான் தெரியும் மச்சான். பின்னாடி எத்தனை வரிசைன்னு கிரேன் மேல ஏறினாத்தான் தெரியும்" என்றார். சாதாரண எக்ஸ்ரே ஒரு நிழல். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே தளத்தில் விழும். வேர் நரம்புக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, தொடுகிறதா என்று நிழலில் தெரியாது.

பல் மருத்துவத்தில் பயன்படும் முப்பரிமாண ஸ்கேனுக்கு சி.பி.சி.டி. என்று பெயர். கூம்பு வடிவில் எக்ஸ்ரே கதிரை அனுப்பும் கருவி தலையை ஒருமுறை சுற்றி வரும். எதிர்ப்பக்கம் ஒரு தட்டையான சென்சார் கூடவே சுற்றும். பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் நூற்றுக்கணக்கான தட்டைப் படங்கள் பதிவாகும். அவற்றைக் கொண்டு உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தி என்பதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். ஆக, நாம் பார்க்கும் படம் நேரடியாக எடுத்த போட்டோ அல்ல. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் கட்டிய படம்.

இந்தக் கணக்குக்கு அடிப்படையாக இருக்கும் முறையை 1984-ல் வெளியிட்டவர்கள் ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் என்ற மூவர். அவர்கள் டாக்டர்கள் அல்ல. அமெரிக்காவில் ஃபோர்டு மோட்டார் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள்! லாரி தயாரிக்கும் எண்ணூர்க்காரர்களுக்கும், வெல்டிங் ஜாயின்டை எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்கும் மணலிக்காரர்களுக்கும் இது ஆச்சரியமாக இருக்காது. உடைக்காமல் உள்ளே பார்ப்பது இரு தொழிலுக்கும் பொதுவான தேவை. 1990-களின் பிற்பகுதியில் இத்தாலியில் நியூடாம் 9000 என்ற கருவி இந்த முறையைப் பற்களுக்குக் கொண்டு வந்தது. அதே காலத்தில் ஜப்பானிலும் இதற்கான கருவி உருவானது.

பைலுக்குள் என்ன இருக்கிறது?

டிஜிட்டல் போட்டோவில் உள்ள சிறு புள்ளி பிக்ஸல் என்பது உங்களுக்குத் தெரியும். முப்பரிமாணப் படத்தில் அதுவே ஒரு சிறு கனசதுரம். அதற்கு வாக்ஸல் என்று பெயர். சர்க்கரைக் கட்டிகளை அடுக்கித் தாடை கட்டியது போல நினைத்துக் கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஸ்கேன் எடுத்த பகுதி நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 8 செ.மீ. என்று வைத்துக் கொள்வோம். வாக்ஸல் 0.2 மி.மீ. என்றால் ஒரு பக்கத்துக்கு 400 வரும். மொத்தம் 400 x 400 x 400, அதாவது 6 கோடியே 40 லட்சம் வாக்ஸல்கள். ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்றால் 12 கோடியே 80 லட்சம் பைட், சுமார் 128 எம்.பி. ஒரு சிடியில் தாராளமாக அடங்கும். வாக்ஸலைப் பாதியாக்கி 0.1 மி.மீ. ஆக்கினால் பைல் இரண்டு மடங்கு ஆகாது. எட்டு மடங்கு ஆகும். சுமார் 1 ஜி.பி. அது சிடியில் அடங்காது. டிவிடியோ பென் டிரைவோ வேண்டும்.

இந்தத் தகவலை எல்லாக் கம்ப்யூட்டர்களும் படிக்கும்படி சேமிக்க ஒரு பொது வடிவம் உண்டு. அதுதான் டைகாம். 1993-ல் இந்தப் பெயரில் வந்த தரம் இது. மருத்துவமனைகளின் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களும் இதே வடிவத்தில்தான் சேமிக்கப்படுகின்றன. போட்டோவுக்கு ஜேபெக் எப்படியோ அப்படி மருத்துவப் படத்துக்கு டைகாம். சி.பி.சி.டி. கருவிகளிலும் டைகாமாக எடுத்துத் தரும் வசதி இருக்கிறது. கேட்டால் தரலாம். கேட்காவிட்டால், சென்டருக்கு எது சுலபமோ அது கிடைக்கும்.

தாள் ஏன் போதாது?

சிகிச்சையைத் திட்டமிடுவதே இப்போது பைலில்தான் நடக்கிறது. விழுந்த பல்லுக்குப் பதில் எலும்பில் திருகு பதிக்கும் இம்பிளான்ட் சிகிச்சையை எடுத்துக் கொள்ளுங்கள். எலும்பின் உயரம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, நரம்பு எத்தனை மி.மீ. கீழே இருக்கிறது என்று டாக்டர் திரையில் அளக்கிறார். எந்த அளவுத் திருகு, எந்தச் சாய்வில் என்று திரையிலேயே பதித்துப் பார்க்கிறார். வாயின் உள்பக்கத்தை ஸ்கேன் செய்த இன்னொரு பைலையும் இதனுடன் இணைத்து, துளையிட வழிகாட்டும் அச்சு ஒன்றை 3டி பிரின்டரில் எடுக்கவும் முடியும். தாளை வைத்துக்கொண்டு இதில் எதையும் செய்ய முடியாது. தாள் என்பது வேறொருவர் உங்களுக்காகத் தேர்ந்தெடுத்த இருபது வெட்டுகள். பைலில் நானூறு வெட்டுகளும் இருக்கும்; எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் புதிதாக வெட்டிக்கொள்ளலாம்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் திறப்பது எப்படி?

இனி உங்கள் வேலை.

1. சிடியையோ பென் டிரைவையோ செருகி, முழுவதையும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தனிப் போல்டரில் காப்பி செய்திடவும். போல்டருக்கு ஆண்டு, மாதம், ஆள் பெயர் என்ற வரிசையில் பெயர் கொடுங்கள். ஐந்து வருடம் கழித்துத் தேடும்போது என்னை வாழ்த்துவீர்கள்.

2. போல்டரைத் திறந்து பாருங்கள். ஒரே அளவுள்ள நூற்றுக்கணக்கான சிறு பைல்கள் இருந்தால் பெரும்பாலும் அது டைகாம்தான். பெயர் டி.சி.எம். என்று முடியலாம், எந்த முடிவும் இல்லாமலும் இருக்கலாம். சில கருவிகள் எல்லாவற்றையும் ஒரே பெரிய பைலாகத் தரும். மொத்த அளவே இரண்டு மூன்று எம்.பி. என்றால் உங்களுக்குக் கிடைத்தது வெறும் படங்கள்தான். அங்கேயே நின்று கேளுங்கள்.

3. சிடியில் வரும் புரோகிராமை உடனே இயக்க வேண்டாம். முதலில் வைரஸ் சோதனை செய்திடவும். டைகாம் பைல் இருந்தால் அந்தப் புரோகிராமே தேவையில்லை.

4. இலவச வியூவர் ஒன்றை அதன் சொந்தத் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். பிரேசில் நாட்டு அரசு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய இன்வெசாலியஸ், 3டி ஸ்லைசர் ஆகிய இரண்டும் இலவசம். விண்டோஸில் வெறுமனே பார்க்க மட்டும் மைக்ரோடைகாம் போதும். சொந்த உபயோகத்துக்கு அதுவும் இலவசம்.

5. இன்வெசாலியஸில் பைல் மெனு சென்று, டைகாம் இம்போர்ட் என்ற வரியைக் கிளிக் செய்து, உங்கள் போல்டரைக் காட்டுங்கள். திரை நான்கு கட்டங்களாகப் பிரியும். மூன்றில் மூன்று திசை வெட்டுகள். நான்காவதில் முப்பரிமாணப் படம். ஒரு வெட்டின் மேல் மௌஸை வைத்துச் சக்கரத்தை உருட்டினால் தாடைக்குள் படிப்படியாக இறங்கலாம். 8 ஜி.பி. ராம் இருந்தால் வசதி. குறைவாக இருந்தால் கொஞ்சம் திணறும், பொறுமையாக இருங்கள்.

6. இன்னொரு பிரதியை வெளி டிஸ்க்கிலோ வேறு பென் டிரைவிலோ வைக்கவும். சிடியை மட்டும் நம்பாதீர்கள். கீறல் விழுந்தால் போச்சு.

ஓர் எச்சரிக்கை. டைகாம் பைலுக்குள் படம் மட்டும் இருப்பதில்லை. பெயர், பிறந்த தேதி, ஸ்கேன் எடுத்த நாள் போன்றவையும் எழுதப்பட்டிருக்கும். ஆகவே முன்பின் தெரியாத தளங்களில் ஏற்றிப் பார்க்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் திரையைப் போட்டோ பிடித்து அனுப்பி "என்னவென்று சொல்லுங்கள்" என்று கேட்பதும் வீண். அது மீண்டும் தாள் கதைதான்.

கலர் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்

திரையில் சுழலும் மண்டையோட்டைப் பார்த்தால் யாருக்கும் பிரமிப்பு வரும். சில இடங்களில் அதைக் காட்டியே சிகிச்சைக்குச் சம்மதம் வாங்குவதும் உண்டு. ஆனால் முடிவெடுக்க உதவுவது அந்தச் சுழலும் படம் அல்ல. கறுப்பு வெள்ளை வெட்டுகள்தான். இந்த அடர்த்திக்கு மேல் இருப்பது எலும்பு என்று ஒரு கோடு போட்டுத்தான் மென்பொருள் அந்த உருவத்தைக் கட்டுகிறது. கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினால், மெல்லிய எலும்பு இருக்கும் இடத்தில் ஓட்டை இருப்பது போலத் தெரியும். நீங்களே நகர்த்திப் பாருங்கள், புரியும்.

அதேபோல உலோக கேப், பழைய சிமென்ட் போன்றவை இருந்தால் சுற்றிலும் வெள்ளைக் கீற்றுகளும் கறுப்புப் பட்டைகளும் விழும். கறுப்பாகத் தெரிவதெல்லாம் சொத்தை அல்ல. ஈறு, நாக்கு போன்ற மென்மையான பகுதிகள் இந்த ஸ்கேனில் தெளிவாகத் தெரியாது. ஸ்கேன் நேரத்தில் தலை அசைந்திருந்தால் எல்லாமே இரட்டையாகத் தெரியலாம். எனவே பாருங்கள், டாக்டரிடம் கேள்வி கேளுங்கள். நீங்களே வைத்தியர் ஆகிவிடாதீர்கள்.

எல்லோருக்கும் தேவையா?

இல்லை. சொத்தைப் பல்லுக்கும், சாதாரணமாகப் பிடுங்குவதற்கும் சின்ன எக்ஸ்ரே போதும். சின்ன எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு, இயற்கையாக நாம் ஒரு நாளில் பெறும் அளவு அல்லது அதற்கும் கீழ். சி.பி.சி.டி. கருவியையும் எடுக்கும் பகுதியின் அளவையும் பொறுத்து, சில நாள் அளவு முதல் சில வாரம், அதற்கு மேலும் போகலாம். பயப்படும் அளவு அல்ல. ஆனால் காரணமில்லாமல் வாங்கும் அளவும் அல்ல. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ஐரோப்பிய ஆணையம் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: முதலில் வாயைப் பரிசோதிக்க வேண்டும், சாதாரண எக்ஸ்ரேயில் விடை கிடைக்காதபோதுதான் இந்த ஸ்கேன்.

ஆகவே எழுதிக் கொடுத்தவுடன், "இதில் என்ன தெரிந்தால் சிகிச்சை மாறும் டாக்டர்?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். என் தங்கை விஷயத்தில் அதற்குத் தெளிவான பதில் இருந்தது. ஸ்கேன் எடுக்கும் இடத்தில், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்றும் கேட்கலாம். நம் நாட்டில் இந்தக் கருவிகளுக்கு உரிமம் தருவது அந்த வாரியம்தான்.

டாக்டர்கள் சொல்லும் ஆட்சேபம்

"பைலைக் கொடுத்தால் வீட்டில் பார்த்துவிட்டுத் தப்பாகப் புரிந்துகொண்டு பயப்படுகிறார்கள்" என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. நானே முதல் நாள் இரவு ஒரு உலோகக் கீற்றைப் பார்த்து எலும்பு உடைந்திருக்கிறது என்று நினைத்துத் தூங்காமல் கிடந்தேன். ஆனால் அதற்காகப் பைலைத் தராமல் இருப்பது சரியா? வீட்டுப் பத்திரத்தின் சட்ட மொழி நமக்குப் புரியாது. அதனால் பத்திரத்தை யாராவது வக்கீலிடமே விட்டுவிடுகிறோமா? நமக்குப் புரியாவிட்டாலும், புரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்ட அது நம் கையில் இருக்க வேண்டும்.

"பைல் பெரிது, சேமிக்க இடமில்லை" என்பது இன்னொரு காரணம். 128 எம்.பி.க்கு இடமில்லை என்பதை இந்தக் காலத்தில் ஏற்க முடியாது. சென்டரால் வைத்திருக்க முடியாவிட்டால், அழிக்கும் முன் உரியவரிடம் கொடுத்துவிடட்டும். இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2014-ல் வெளியிட்ட நடத்தை விதிகளும், பல் டாக்டர்கள் பதிவேடுகளைக் குறைந்தது மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றே சொல்கின்றன. ஆகவே கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

எங்கள் பகுதியில் 3,000 ரூபாய் என்பது பலருக்கு நாலைந்து நாள் கூலி. அதை இரண்டு முறை கட்ட வைப்பது தொழில்நுட்பத்தின் குறை அல்ல. கேட்கத் தெரியாதவரிடம் கொடுக்காமல் விடும் பழக்கத்தின் குறை. வசதி உள்ளவர் மறுபடி எடுத்துக் கொள்வார். இல்லாதவர் வலி மாத்திரை போட்டுக்கொண்டு சிகிச்சையையே தள்ளிப் போடுவார்.

எனவே அடுத்த முறை உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், பணம் கட்டும் முன் இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள்: "டைகாம் பைலாகப் பென் டிரைவில் வேண்டும்." அங்கேயே போல்டரைத் திறந்து அளவைப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு இடங்களில் காப்பி செய்திடவும். தங்கையின் பைல் இப்போது என் கம்ப்யூட்டரில் ஒன்று, அவள் வீட்டுப் பென் டிரைவில் ஒன்று என்று பத்திரமாக இருக்கிறது. நாளைக்கு எந்த டாக்டரிடம் போனாலும், அதைக் கையில் எடுத்துக்கொண்டு போவாள்.